நிக்காஹ் தேதியும் அமெரிக்க விசாவும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வல்ல அல்லாஹ்வின் பேரருளால் இவ்வாண்டும் நாம் ஒன்று கூடியிருக்கிறோம். வழக்கமாக இம்மேடையில் கல்வியைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ பேசுவது என் வழக்கம். இன்று அமெரிக்காவின் குடியேற்றச் சட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நிர்வாகிகளில் ஒருவர் புன்னகைத்தார். "ஹஜ்ரத், அது வக்கீல்கள் வேலையல்லவா?" என்றார். உண்மைதான். நான் வழக்கறிஞன் அல்லன். எனினும் நிக்காஹ் தஃப்தரை எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அந்தத் தஃப்தரில் நான் எழுதும் ஒரு தேதி, கடல் கடந்த ஒரு நாட்டின் அலுவலகத்தில் ஒரு பெண்ணின் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்றால், அத்தேதியின் பொருளை அறிந்துகொள்வது எனக்குக் கடமையாகிறது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதைவிடப் பெரிய கடமையாகிறது.

முன்பெல்லாம் நம் பகுதி மாப்பிள்ளைகள் மலேசியா, சிங்கப்பூர், சவூதி, துபாய் என்று போனார்கள். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கா அப்படியன்று. அங்கே போகிறவர் குடும்பத்துடன் தங்கிவிடும் எண்ணத்தோடு போகிறார். ஆகவே "மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு சம்பந்தம் பேசி முடிப்பது, "மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெண் கொடுப்பதற்குச் சமம். கப்பலில் மாலுமியா, பயணியா, எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறவர் என்று கேட்க வேண்டாமா?

சட்டத்தின் அடிப்படை

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் இன்றைய அமைப்பு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, 1965இல் பெரிதும் மாற்றப்பட்டது. அதற்கு முன் இந்தியர்களுக்கு அந்நாட்டில் குடியேறும் வாய்ப்பு அநேகமாக அடைக்கப்பட்டிருந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பேரையே அனுமதித்தது. 1965ஆம் ஆண்டுத் திருத்தம் நாட்டுவாரியான அந்தப் பாகுபாட்டை நீக்கி, குடும்ப உறவு, தொழில் திறமை ஆகிய இரண்டையும் முதன்மை வழிகளாக்கியது.

ஆயினும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 பேருக்கே கிரீன் கார்டு. இதில் மனைவி மக்களும் சேர்த்தே எண்ணப்படுவர். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களும் ஆண்டு ஒதுக்கீட்டில் பொதுவாக ஏழு சதவீதத்திற்கு மேல் பெற இயலாது. இந்தியாவுக்கும் ஏழு சதவீதம். ஒரு சிறு தீவு நாட்டுக்கும் அதே ஏழு சதவீதம். இதனால்தான் 2013, 2014ஆம் ஆண்டுகளில் வரிசையில் சேர்ந்த இந்தியப் பொறியாளர்கள் 2025ஆம் ஆண்டிலும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. இந்த வரிசை பாஸ்போர்ட்டைப் பார்த்து அமைவதன்று. பிறந்த ஊரைப் பார்த்து அமைவது. பெற்றோர் பணிபுரிந்த காலத்தில் ரியாதிலோ துபாயிலோ கோலாலம்பூரிலோ பிறந்த பிள்ளை, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், அந்நாட்டின் வரிசையில் நிற்கலாம். கணவர் இங்கே பிறந்து மனைவி அங்கே பிறந்திருந்தால், இருவரும் சேர்ந்து குடியேறும்போது மனைவியின் பிறந்த நாட்டு வரிசையைக் கணவரும் பயன்படுத்திக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே வளைகுடாவில் பெற்ற பிறப்புச் சான்றிதழைப் பழைய காகிதம் என்று பெட்டிக்குள் செல்லரிக்க விட்டுவிடாதீர்கள்.

நான்கு வகை மாப்பிள்ளைகள்

சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை அமெரிக்காவில் எந்த நிலையில் இருக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்று வரும்.

ஒருவர் அமெரிக்கக் குடிமகனாக இருப்பார். அவருடைய மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீடு இல்லை, வரிசையும் இல்லை. மனுவைப் பரிசீலிக்கவும் நேர்காணலுக்கும் ஆகும் காலம் மட்டுமே. அதுவும் பல வேளைகளில் ஓராண்டைத் தாண்டும்.

மற்றொருவர் கிரீன் கார்டு உடையவராக இருப்பார். இவருடைய மனைவி எஃப்-2ஏ எனப்படும் வரிசையில் நிற்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 2023ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அந்த வரிசை திறந்தே இருந்தது. பிறகு மீண்டும் பின்னோக்கிப் போய்விட்டது. காத்திருப்பு எத்தனை ஆண்டு என்பது மாதந்தோறும் அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் விசா அறிக்கையைப் பார்த்தே தெரியும். இடைக்காலத்தில் சுற்றுலா விசாவில் போய் வரலாம் என்று நினைப்பது எளிது, கிடைப்பது அரிது. குடியேறும் எண்ணத்தோடு மனுச் செய்திருப்பவர் திரும்பி வருவார் என்று விசா அதிகாரி நம்புவது கடினம்.

மூன்றாமவர் எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பார். இவருடைய மனைவி எச்-4 விசாவில் திருமணமான சில மாதங்களிலேயே போய்விடலாம். ஆனால் அவள் நிலை கணவரின் வேலையில் தொங்கிக்கொண்டிருக்கும். வேலை போனால் வேறு வேலை தேடவோ நிலையை மாற்றவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வழி பிறக்காவிட்டால் இருவரும் நாடு திரும்ப வேண்டும். மனைவி வேலை பார்ப்பதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும், 2015 மே மாதம் முதல் அனுமதி கேட்கும் வழி உண்டு.

நான்காமவர் மாணவராக இருப்பார். அவருடைய மனைவி உடன் போகலாம். வேலை பார்க்க இயலாது.

இதில் நம் மக்கள் பலரும் அறியாத செய்தி ஒன்று இருப்பதைப் பாருங்கள். கிரீன் கார்டு மாப்பிள்ளை எச்-1பி மாப்பிள்ளையைவிட உயர்ந்தவர் என்று ஊரில் கணக்குப் போடுகிறார்கள். கணவருக்கு அது உயர்வுதான். மனைவி அவரோடு சேர்ந்து வாழும் நாளைக் கணக்கிட்டால், எச்-1பி மாப்பிள்ளையின் மனைவி முதலில் போய்ச் சேர்கிறாள். கிரீன் கார்டு மாப்பிள்ளையின் மனைவி தாய் வீட்டில் காத்திருக்கிறாள். காத்திருப்பது குற்றமன்று. காத்திருக்க வேண்டும் என்பதை நிக்காஹுக்குப் பிறகு அவள் அறிந்துகொள்வதுதான் அநீதி. பெண்ணின் சம்மதம் கேட்காமல் நாம் நிக்காஹ் செய்வதில்லை. எதற்குச் சம்மதிக்கிறாள் என்பதே அவளுக்குத் தெரியாவிட்டால் அந்தச் சம்மதத்திற்கு என்ன மதிப்பு?

தேதி ஏன் முக்கியம்?

முதலாவது: எச்-1பி விசாவில் இருக்கும் ஒருவருக்கு வேலை வழியாகக் கிரீன் கார்டு கிடைக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கார்டு கிடைப்பதற்கு முன் நிக்காஹ் நடந்திருந்தால், மனைவி அவருடைய வரிசைத் தேதியிலேயே அவரைத் தொடர்ந்து குடியேறும் உரிமை பெறுகிறாள். கார்டு கிடைத்த மறுநாள் நிக்காஹ் நடந்தால் அந்த உரிமை இல்லை. எஃப்-2ஏ வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஒரு நாள் இடைவெளி ஆண்டுக்கணக்கான பிரிவாக மாறிவிடும்.

இரண்டாவது: கிரீன் கார்டு பெற்ற தகப்பனார், 21 வயது கடந்த தம் மகனுக்கோ மகளுக்கோ மனுச் செய்திருக்கிறார். அந்த வகை மணமாகாத பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. தகப்பனார் குடிமகனாவதற்கு முன் பிள்ளைக்கு நிக்காஹ் நடந்தால் அந்த மனு அந்நாளிலேயே இறந்துவிடுகிறது. பின்னர் தலாக் ஆனாலும் அது உயிர்பெறாது. தகப்பனார் முதலில் குடிமகனாகி, அதன் பிறகு நிக்காஹ் நடந்தால், மனு வேறொரு நீண்ட வரிசைக்கு மாறும். எனினும் பழைய தேதி நிலைத்திருக்கும். மணமாகாத பிள்ளை என்ற முறையில் விசா கையில் கிடைத்த மகிழ்ச்சியில், புறப்படுவதற்கு முந்தின வாரம் நிக்காஹை முடித்துக்கொண்டு போனால், அந்த விசாவும் செல்லாததாகிவிடும்.

மூன்றாவது: குடிமகனின் நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்குக் கே-1 என்றொரு விசா உண்டு. பெண் அங்கே போன 90 நாட்களுக்குள் திருமணம் செய்துகொள்ள வேண்டும். மனுச் செய்வதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. "பெண் தனியாகப் போகிறாளே, பாதுகாப்புக்காக இங்கேயே நிக்காஹை ஓதி வைத்துவிடலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். ஓதிய அந்நேரமே அவள் மனைவியாகிவிடுகிறாள். கே-1 விசாவுக்குத் தகுதி இழக்கிறாள்.

நான்காவது: விதவையோ மணமுறிவு பெற்றவரோ பிள்ளையுடன் மறுமணம் செய்கிறார். குடிமகனான புதிய கணவர் அப்பிள்ளைக்கும் மனுச் செய்யலாம். ஆனால் பிள்ளைக்கு 18 வயது நிறைவதற்கு முன் அந்த மறுமணம் நடந்திருக்க வேண்டும். பிள்ளைக்கெனத் தனி மனுவும் தேவை.

எம்மிடம் வரும் கோரிக்கைகள்

இந்த விதிகளை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் சில கோரிக்கைகளுடன் பள்ளிவாசலுக்கு வருகிறார்கள். அவற்றுக்கு இம்மேடையிலேயே விடை சொல்லிவிடுவது நல்லது.

"நிக்காஹை ஓதிவிடுங்கள், தஃப்தரில் இப்போது எழுத வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாதவரை விசாவுக்கு அவன் மணமாகாதவன்தானே?" என்பது ஒரு கோரிக்கை. இது தவறான எண்ணம். திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்றே அமெரிக்கச் சட்டம் முதலில் பார்க்கிறது. நம் நாட்டில் ஈஜாபும் கபூலும் சாட்சிகளும் கூடிய நிக்காஹ், பதிவு செய்யாததால் இல்லாமல் போவதில்லை. ஆகவே விண்ணப்பத்தில் "மணமாகாதவர்" என்று எழுதுவது பொய்யான வாக்குமூலம். முக்கியமான செய்தியில் பொய் சொல்லி விசா கோரியவருக்கு அந்நாட்டுக் கதவு வாழ்நாள் முழுவதும் அடைக்கப்படலாம். விலக்குப் பெறும் வழி மிகக் குறுகியது. பின்னாளில் அதே மனைவிக்கு மனுச் செய்யும்போது உண்மையான நிக்காஹ் தேதியை எப்படி எழுதுவார்? எழுதினால் பழைய பொய் வெளிப்படும். எழுதாவிட்டால் இரண்டாவது பொய். அதுவரை அந்தப் பெண் ஊருக்கு மனைவியாகவும் காகிதத்தில் அந்நியளாகவும் இருப்பாள். அவளுடைய மஹருக்கும் ஜீவனாம்சத்துக்கும் பிறக்கும் குழந்தைக்கும் எந்த ஏடு சாட்சி சொல்லும்?

"கார்டு வருவதற்கு முன்பே நிக்காஹ் நடந்ததாகத் தேதியை முன்னே போட்டுக் கொடுங்கள்" என்பது இன்னொரு கோரிக்கை. தஃப்தரின் பக்கங்களுக்கு வரிசை எண் உண்டு. சாட்சிகளுக்கு நாவு உண்டு. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரை உண்டு. இவை மூன்றும் இல்லாவிட்டாலும் அல்லாஹ் இருக்கிறான்.

"மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு காகிதக் கல்யாணம் இருக்கிறது; கார்டுக்காகச் செய்தது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்" என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். அந்நாட்டுச் சட்டத்தின் முன் அவர் வேறொரு பெண்ணின் கணவர். அந்த மணம் சட்டப்படி முறியாதவரை, இங்கே அவர் மணக்கும் பெண்ணை மனைவியாகக் கொண்டு மனுச் செய்ய இயலாது. குடியேற்றத்துக்காக மட்டும் பொய்த் திருமணம் செய்வது அங்கே ஐந்து ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். அப்படிச் செய்தவர் என்று முடிவானால், பின்னாளில் உண்மையான உறவின் பேரில் வரும் மனுவும் ஏற்கப்படாது.

தொலைபேசியிலும் வீடியோவிலும் நடக்கும் நிக்காஹ்கள் பற்றியும் ஒரு சொல். வகீலை நியமித்து நிக்காஹ் செய்வதற்கு ஃபிக்ஹில் இடமுண்டு. ஆனால் மணமக்கள் ஒருவருக்கொருவர் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன் பின்னர் அவர்கள் கூடி வாழ்ந்தாலன்றி, அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே மாப்பிள்ளை ஊருக்கு வந்து மனைவியுடன் வாழ்ந்ததற்கான பயணச்சீட்டு முதலிய சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் வந்து நிக்காஹ் செய்வதே எல்லாவற்றிலும் சிறந்தது.

ஹுதைபிய்யா உடன்படிக்கையை எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு. உடன்படிக்கை எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் காலில் விலங்குடன் அடைக்கலம் தேடி வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்துத் தோழர்களின் நெஞ்சம் கொதித்தது. ஆயினும் ஒப்புக்கொண்ட நிபந்தனைக்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பொறுமையை அறிவுறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். பகைவரிடம் கொடுத்த வாக்கே அத்தனை கனமுடையது என்றால், நாமே தேடிப் போய் விண்ணப்பித்து, உண்மை என்று உறுதிகூறிக் கையொப்பமிடும் விசாப் படிவத்தின் கனம் என்ன?

போய்ச் சேர்ந்த பின்

பெண்மக்கள் அறிய வேண்டியவை இன்னும் சில. திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாத நிலையில் கணவர் வழியாகக் கிரீன் கார்டு பெறும் பெண்ணுக்கு முதலில் இரண்டு ஆண்டுக்கே கார்டு கிடைக்கும். அது முடியும் முன் கடைசி 90 நாட்களில் இருவரும் சேர்ந்து மனுச் செய்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். "நான் கையொப்பமிடாவிட்டால் நீ ஊர் திரும்ப வேண்டியதுதான்" என்று மிரட்டும் கணவர்களும் உண்டு. உண்மையான திருமணமாக இருந்து மணமுறிவோ கொடுமையோ நேர்ந்தால், மனைவி தனியாகவே மனுச் செய்யச் சட்டத்தில் வழியுண்டு. குடிமகனோ கிரீன் கார்டு உடையவரோ ஆன கணவர் கொடுமை செய்தால், அவர் அறியாமலேயே மனைவி தானாக மனுச் செய்யும் உரிமையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியிருக்கிறது.

மேலும், மனைவிக்காக மனுச் செய்யும் கணவர், அரசு நிர்ணயித்த வறுமைக் கோட்டைவிடப் பொதுவாக 25 சதவீதம் கூடுதலான வருமானம் காட்டி, அவளைப் பராமரிப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார். மணமுறிவு ஏற்பட்டாலும் அந்த ஒப்பந்தம் முடிவதில்லை. அவள் குடியுரிமை பெறும் வரை, அல்லது பத்து ஆண்டு உழைப்புக்கு ஈடான காலம் அவள் கணக்கில் சேரும் வரை, அல்லது அந்நாட்டை விட்டே நீங்கும் வரை அது பொதுவாக நீடிக்கும். அதன் நகலை ஒவ்வொரு பெண்ணும் கையில் வைத்திருக்க வேண்டும்.

மகளின் பிரசவத்துக்குப் போகும் தாய்மாரும் கேளுங்கள். விசாவில் பத்து ஆண்டு என்று அச்சிட்டிருப்பது பத்து ஆண்டு தங்கும் அனுமதியன்று. விமான நிலையத்தில் அதிகாரி தரும் ஐ-94 என்னும் பதிவில் எந்தத் தேதி உள்ளதோ அதுவே கெடு. கெடு கடந்து 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டுப் புறப்பட்டால் மூன்று ஆண்டும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கிவிட்டுப் புறப்பட்டால் பத்து ஆண்டும் திரும்பிச் செல்லத் தடை வரும். இது 1996ஆம் ஆண்டுச் சட்டம்.

ஜமாஅத் செய்ய வேண்டியவை

நிர்வாகத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, வெளிநாட்டு மாப்பிள்ளையின் நிக்காஹுக்கு அனுமதி கேட்கும்போது, அவருடைய விசா நிலையையும் முந்திய மணம் உண்டா என்பதையும் எழுத்தில் பெற்று, பெண்ணுக்கும் வலீக்கும் காட்ட வேண்டும். இரண்டு, தஃப்தரில் பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்து எழுத வேண்டும். ஓரிடத்தில் முஹம்மது, ஓரிடத்தில் முகமது, ஓரிடத்தில் தந்தை பெயரே இல்லை என்றால் ஆண்டுகள் வீணாகும். மூன்று, தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி எல்லா மதத்தினரும் 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிய வேண்டும். ஒவ்வொரு நிக்காஹையும் அவ்வாறு பதியச் செய்ய வேண்டும். நான்கு, நகல் கேட்போருக்குத் தஃப்தரில் உள்ளதை உள்ளபடியே, தாமதமின்றிக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. "கிரீன் கார்டு லாட்டரியில் உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, பணம் அனுப்புங்கள்" என்று வரும் செய்திகளை நம்பாதீர்கள். அப்படியொரு குலுக்கல் திட்டத்தை அமெரிக்கா நடத்தி வந்தது உண்மை. ஆனால் அங்கே அதிகம் பேர் குடியேறும் நாடு என்பதால் இந்தியாவில் பிறந்தவர்கள் பொதுவாக அதில் சேரவே இயலாது. விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. 2025 செப்டம்பரில் ஒரே அறிவிப்பில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி விசாவில் வருவோரின் மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதிக்கப்பட்டதை நாம் பார்த்தோம். ஆகவே நான் சொன்னதை வைத்தே முடிவு செய்துவிடாமல், அந்நாட்டுச் சட்டம் கற்று உரிமம் பெற்ற வழக்கறிஞரை நிக்காஹ் தேதி குறிப்பதற்கு முன்பே கலந்துகொள்ளுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

பெரியோர்களே! ரிஸ்க்கை எங்கே எழுதி வைத்தான் என்பதை அல்லாஹ் அறிவான். அதைத் தேடிப் போவது தவறன்று. பொய்யை விதையாக்கி அதைத் தேடுவதும், பிறர் வீட்டுப் பெண்ணை அறியாமையில் வைத்து அதை அடைவதும்தான் தவறு. நம் பெண்மக்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் உரிமையோடும் கண்ணியத்தோடும் வாழவும், பிரிந்து காத்திருக்கும் தம்பதியரை வல்ல நாயன் விரைவில் ஒன்று சேர்க்கவும், நம் தஃப்தரின் ஒவ்வொரு வரியும் மறுமையில் நமக்கு ஆதரவான சாட்சியாக அமையவும் துஆச் செய்து அமர்கிறேன். ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.